பதினான்காம் பத்தியில் ஒரு திருத்தம்

எண்ணூருக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். காலையில் டோல்கேட்டில் பஸ் ஏறும்போது வெள்ளையாக இருக்கும். எண்ணூரில் இறங்குவதற்குள் காலர் பழுப்பாகிவிடும். சாயங்காலம் கழற்றிப் பார்த்தால் சாம்பலும் கன்டெய்னர் லாரிப் புகையும் தோள்பட்டையில் படிந்து கிடக்கும். காக்கியோ நீலமோ போடுங்கள் என்று என் மனைவி ஷெர்லின் பதினோரு வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். ஊரில் எல்லாரும் அழுக்கு தெரியாத நிறத்தில் போடுகிறார்கள் என்பதற்காக நானும் அப்படிப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

மதிப்புக்குரிய அம்மா, உங்கள் விசாரணைக்கும் அதே வெள்ளைச் சட்டையில்தான் வந்தேன். மூன்று நாள் பொறுமையாகக் கேட்டீர்கள். டைப் அடித்த பெண் ஓர் இடத்தில்கூட என் பெயரில் தப்பு விடவில்லை. ஞானதுரையை ஞானத்துரை என்று அடிக்காதவர்கள் குறைவு. அறிக்கை போன வாரம் தபாலில் வந்தது. முப்பத்தொரு பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். தேதிகள் சரி, தூரங்கள் சரி. நேரத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். பதினான்காம் பத்தியில்தான் ஒரு சொல் தவறாக விழுந்திருக்கிறது. "கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர் திரு. ஞானதுரை பதற்றத்தில் தகுந்த எச்சரிக்கைச் சொல்லைப் பயன்படுத்தத் தவறினார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் யார்டில் பெரிய இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்து இணைக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். வெல்டிங்குக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் எடுப்பதுபோல் இரும்பைப் படம் எடுக்க வேண்டும். அதற்கு இரிடியம் என்ற உலோகம். நெல்மணி அளவுதான், விரல் நீளக் கம்பியின் முனையில் ஒரு சின்ன உறைக்குள் அடைத்திருக்கும். எந்நேரமும் கனமான பெட்டிக்குள்ளேயே கிடக்கும். படம் எடுக்கும்போது மட்டும் தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றினால் ஒரு ரப்பர் குழாய் வழியாக வெளியே வரும், திருப்பிச் சுற்றினால் உள்ளே போகும். அது வெளியே இருக்கிற நேரத்தில் பக்கத்தில் போகக் கூடாது. கையால் தொட்டால் கை போய்விடும். தொட்டவனுக்கு அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது.

இதைத்தான் 2002 ஜனவரியில் எங்கள் தீயணைப்புக் குழுவுக்கு வகுப்பெடுத்தேன். ஆறு பேர், எல்லாருமே ஒப்பந்த ஆட்கள். குழுவுக்குத் தலைவன் லோகநாதன், வியாசர்பாடிக்காரன். வியாசர்பாடி என்பதை நான் ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன். கேன்டீனில் என் டம்ளரை நான் தனியாக வைத்துக்கொண்டதும் சுகாதாரத்துக்காக மட்டுமே. லோகநாதன் அதைக் கவனித்து, எப்போதும் அதை மட்டும் தனியாகக் கழுவி என் மேஜையில் கவிழ்த்து வைப்பான். சொல்லாமலே செய்வான்.

வகுப்புக்கு நான் இரண்டு வாரம் தயார் செய்தேன். பம்பாயில் படித்த பாடத்தை முழுதாகத் தமிழில் எழுதினேன். நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, நடுவில் கனமான எதையாவது வை. உள்ளே உயிருள்ள ஆள் மாட்டியிருந்தால் கதிர்வீச்சை அளக்கிற மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்காதே, தூக்கிக்கொண்டு வா. ஆள் இல்லையென்றால் இரும்புக்காக நீ உள்ளே போகாதே. எவ்வளவு எளிமையாக எழுதியிருந்தேன் என்று பாருங்கள். கடைசியில் காட்டுவதற்கு இரிடியம் கம்பியின் மாதிரி ஒன்றையும் பையில் வைத்திருந்தேன். வெறும் எஃகு, ஆபத்தில்லாதது. கண்ணால் பார்த்துவைத்தால் பிறகு எங்கே கிடந்தாலும் அடையாளம் தெரியும் அல்லவா.

ஆனால் ஐந்தாவது நிமிடத்திலேயே வகுப்பு கெட்டது. "கதிரியக்க மூலம் வெளிப்பட்டுவிட்டால்" என்று ஆரம்பித்தேன். பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். லோகநாதன் மரியாதையாக எழுந்து நின்றான்.

"சார், மூலம் வெளிய வந்துட்டா குந்தவே முடியாதே சார். நம்ம மேஸ்திரிக்கு கீது, கேட்டுப் பாருங்க."

ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். படம் எடுக்கிற ரஷீது என்னோடு துணைக்கு நின்றிருந்தான், அவனும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். இந்த ஊரில் இருபது வருடம் புளி மண்டி நடத்திய என் அப்பா ஒரு வார்த்தை இந்த ஊர்ப் பேச்சைப் பேசியதில்லை. நானும் பேசியதில்லை. நல்ல தமிழ்ச் சொல் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இவர்கள் அதை வைத்துக்கொண்டு எங்கே போகிறார்கள் என்று பார்த்தீர்களா?

சிரிப்பு அடங்கியதும் லோகநாதனே மறுபடி கேட்டான். "கோச்சுக்காதீங்க சார். கண்ணுக்குத் தெரியாது, சத்தம் போடாது, நாத்தம் வராது, ஆனா கிட்ட போனா ஆள அட்ச்சிடும்ன்றீங்க. அப்போ அது பேய்தானே சார்? பேயின்னே வெச்சுக்கலாமே. மறக்காது."

நான் மாதிரிக் கம்பியைப் பையிலிருந்து எடுக்கவில்லை. வகுப்பு முடிந்தது என்று சொல்லிவிட்டு, பதிவேட்டில் "முழுமையாக நடத்தப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். இது உங்கள் அறிக்கையில் இல்லை. லோகநாதன் அந்தக் கம்பியைக் கண்ணால் பார்த்தது விபத்து நடந்த அன்றுதான்.

அந்தச் சொல் அம்மை மாதிரி யார்டு முழுக்கப் பரவியது. ரஷீது மஞ்சள் கயிறு கட்டிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றப் போகும்போது "பேய் வெளிய வருது" என்று குரல் கொடுப்பான். கிரேன் ஓட்டுகிறவன் முதல் டீ கொண்டுவருகிறவன் வரை கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய்விடுவார்கள். அந்த ஆகஸ்டில் ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒத்திகை பார்க்கக் கேட்டார். நான் விசில் ஊதி, கொடி காட்டி, என் முறைப்படி நடத்தியதில் ஷெட் காலியாக மூன்று நிமிடம் ஆனது. லோகநாதன் "நான் ஒருக்கா பாக்கட்டுமா சார்" என்று கேட்டுவிட்டு "பேய் வெளிய கீது" என்று ஒரே ஒரு குரல் விட்டான். நாற்பது நொடியில் அறுபது பேர் வெளியே நின்றார்கள். அதிகாரி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். யார் யோசனை இது என்று கேட்டதற்கு மேனேஜர் நீலமேகம் லோகநாதனின் தோளில் கை வைத்து முன்னால் தள்ளினார். நான் எம்.எஸ்ஸி. இயற்பியல் என்பது நீலமேகத்துக்கு நினைவிருந்ததா என்று தெரியவில்லை.

இதெல்லாம் எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். பதினோராம் கிளாஸ் தாண்டாத ஒருவன்மேல் பொறாமைப்பட எனக்கு என்ன இருக்கிறது? எனக்குக் கவலையெல்லாம் முறை பற்றித்தான். 2003 ஜனவரியில் சுற்றறிக்கை ஒன்று விட்டேன். "பேய் முதலிய மூடநம்பிக்கைச் சொற்கள் இனிப் பயன்படுத்தப்படக் கூடாது; மீறுவோருக்கு மெமோ வழங்கப்படும்; கதிரியக்கப் பொருள் வெளிப்பட்ட நிலையைச் 'சூடு' என்றே குறிப்பிட வேண்டும்." பம்பாயில் எங்களுக்கு ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு நேரான தமிழ். மூலம் என்றால் சிரிக்கிறார்கள், சூடு என்றால் சிரிக்க ஒன்றுமில்லை.

எல்லாரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். லோகநாதன் மட்டும் விரலை வைத்து வரிவரியாகப் படித்தான். பிறகு அவன் சொன்னதை விசாரணையில் நான் உங்களிடம் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. வார்த்தை மாறாமல் இப்போது எழுதுகிறேன்.

"சார், நெருப்பு புட்ச்ச எடத்துல நின்னுகினு சூடு சூடுன்னா எவன் சார் ஓடுவான்? சூட்டத் தொட்றதுதானே எங்க வேலயே. தண்ணி ஊத்துவோம், பொறங்கைய வெச்சுப் பாப்போம், ஆறிச்சுன்னா தூக்கி அப்பால போட்டுனு போய்க்கினே இருப்போம். வேற வார்த்த போடுங்க சார். பேஜாரு ஆயிடும்."

"கையெழுத்துப் போடு" என்றேன். போட்டான். மறுவாரம் ரஷீது பழக்கதோஷத்தில் பேய் என்று கத்தினான், மெமோ கொடுத்தேன். அதன் பிறகு யார்டில் அந்தச் சொல் அடங்கியது.

லோகநாதனுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கேரம். வியாசர்பாடியில் இருபது வீட்டுக்கு ஒரு கேரம் கிளப் இருக்கிறது, தெருவிளக்கு இருக்கிறதோ இல்லையோ. இவன் அதில் மாவட்ட அளவில் ஆடியவன். ஓர் ஓய்வு நேரத்தில் என்னையும் பலகைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். நான் ஜெயித்தேன். ஆறு பாயின்ட் வித்தியாசம். வீட்டுக்குப் போய் ஷெர்லினிடம்கூடச் சொன்னேன். மூன்று மாதம் கழித்து ரஷீதுதான் போகிற போக்கில் உளறினான். ரெட்டைப் போட்டுவிட்டு, அது செல்லுபடியாக அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காயை வேண்டுமென்றே வெளியே அடித்தானாம் லோகநாதன். எதற்கு என்று கேட்டதற்கு, "வுடுடா, பாவம், சாரு நம்மகூட வந்து குந்தினதே பெருசு" என்றானாம். யார்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை.

2003 ஜூன் முதல் வாரம் அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை. கேரம் தேர்வு ஜூலை கடைசியில். ஒப்பந்தக் கூலியாக இருந்து பென்ஷன் உள்ள வேலைக்குப் போகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? கடிதத்தை மடித்து மடித்து நான்கு துண்டாகப் போகிற அளவுக்கு எல்லாரிடமும் காட்டினான். வீட்டில் கைக்குழந்தை, மனைவி அன்புக்கரசி. அவன் வலது கை ஆள்காட்டி விரல் நகத்தை யாராவது பார்த்தால் போதும், "இதான் மாமு நம்ம கவர்மெண்டு வேல" என்று தூக்கிக் காட்டுவான்.

அதே வாரம் நீலமேகம் என்னைக் கூப்பிட்டார். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை பன்னிரண்டு தொழிற்சாலைகளின் தீயணைப்புக் குழுக்களுக்கு எங்கள் யார்டில் வைத்துக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு வகுப்பு. வரும் சனிக்கிழமை. "ஞானதுரை, மொதல்ல லோகநாதன் பேசட்டும். அவன் சொன்னா அவங்க கேட்டுக்கறாங்க. நீங்க கடைசில வந்து அந்த நம்பரெல்லாம் சொல்லுங்க" என்றார். சரி சார் என்றேன். பதினோரு வருடம் ஒரு தவறு இல்லாமல் வேலை பார்த்தவன் கடைசியில் வந்து நம்பர் சொல்ல வேண்டும்.

தீ பிடித்தது அதற்கு மூன்று நாள் முன்னால், புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். ஷெட் காலியாக இருக்கிற நேரம் என்பதால் ரஷீது அப்போதுதான் படம் எடுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கேஸ் டியூப் கசிந்து தார்ப்பாய் பற்றிக்கொண்டது. சாரம் சரிந்து ஒரு கம்பம் ரப்பர் குழாயின்மேல் விழுந்தது. ரஷீது திருப்பிச் சுற்றினான். கேபிள் வந்தது, அதன் முனையில் இருக்க வேண்டிய இரிடியம் வரவில்லை. மஞ்சள் கயிறு நைலான், அது உருகிப்போனது. ரஷீது என் அறைக்கு ஓடிவந்தான்.

"சார், பே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். மெமோ நினைவு வந்திருக்க வேண்டும். "சூடு சார். சூடு வெளிய மாட்டிக்கினு கீது."

அவனை மெயின் கேட்டுக்கு அனுப்பினேன். போன் செய்யவும், சாப்பிட்டுத் திரும்புகிறவர்களை அங்கேயே நிறுத்தவும். அது சரியான முடிவு என்று நீங்களே பதினோராம் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். மீட்டரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி நின்றேன். மீட்டர் கட்கட்டென்று கத்தும். அந்தச் சத்தத்தை அணைத்துவைத்தேன். எனக்கு அது எப்போதும் எரிச்சல்.

லோகநாதனின் ஆட்கள் பின்வாசல் வழியாக வந்திருந்தார்கள். ரஷீதை அவர்கள் பார்க்கவில்லை. தீ அநேகமாக அடங்கிவிட்டது. வேலை சுத்தமாகச் செய்கிறவர்கள் என்பதை நான் மறுக்கவில்லை. கருகிய ரப்பர் குழாயின் வாயிலிருந்து அந்தக் கம்பி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. லோகநாதன் கால் வைத்த இடத்திலிருந்து ஒரு முழம்.

"லோகநாதன், அங்க சூடு இருக்கு" என்றேன்.

"எங்க சார்?"

"உன் காலடியில."

குனிந்து பார்த்தான். "இதுவா சார்? இன்னாது இது, கிளட்ச் ஒயரா?" பக்கத்தில் இருந்த வாளியிலிருந்து தண்ணீரை எடுத்து அதன்மேல் ஊற்றினான். ஆவி வந்தது. சற்றுப் பொறுத்துப் புறங்கையை வைத்துப் பார்த்தான். ஜனவரியில் என் அறையில் நின்று எப்படிச் செய்வோம் என்று சொன்னானோ அப்படியே, ஒன்றுகூட மாறாமல். பிறகு வலது கையால் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"ஆறிப்பூட்ச்சு சார். எங்க வெக்கட்டும்?"

இந்த இடத்தில்தான் நான் பதறினேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அம்மா, நான் எவ்வளவு நிதானமாக இருந்தேன் என்றால், கணக்குப் போட்டேன். கையை நீட்டிப் பிடித்திருக்கிறான், உடம்புக்கு அதிகம் போகாது. உயிருக்கு ஆபத்தில்லை. விரலோடு நிற்கும், அதிகமானால் உள்ளங்கை. நான் கொலைகாரன் இல்லை. இதையெல்லாம் யோசித்து முடித்துவிட்டுத்தான் சொன்னேன்.

"இரு, சொல்றேன்."

இருந்தான். அதிகாரி இரு என்றால் இருக்கிறவன்தான் அவன். மற்றவர்களைப் பார்த்து, "நீங்க போய்த் துன்னுங்கடா, சாரு சொல்ற எடத்துல இத வெச்சுட்டு வந்துடறேன்" என்று அனுப்பிவைத்தான். நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொண்டேன். மதியம் ஒன்று இருபத்திரண்டு. அவன் அந்தக் கம்பியை விரலிடுக்கில் உருட்டி உருட்டிப் பார்த்தான். ஸ்ட்ரைக்கரை ஆட்டத்துக்கு முன்னால் அப்படித்தான் உருட்டுவான். இடையில் ஒரு தடவை "சார்?" என்றான். "இரு" என்றேன்.

பேய் என்ற சொல் எனக்கு மறந்துபோகவில்லை. நாக்கு நுனியில் இருந்தது. இரண்டே எழுத்துதானே, சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அதைத் தடை செய்தவன் நான். என் சுற்றறிக்கையை நானே மீறினால் மற்றவர்களுக்கு நான் எப்படி மெமோ கொடுப்பேன்? தவிர, பன்னிரண்டு தொழிற்சாலைக்காரர்கள் முன்னால் அவன் எழுந்து நின்று அந்தச் சொல்லைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

கேட்டிலிருந்து திரும்பி வந்த ரஷீதுதான் அதைச் சொன்னான். ஷெட் வாசலுக்கு வந்தவன் லோகநாதன் கையைப் பார்த்தான். "லோகு! பேய்டா! பேய் உன் கைலதான்டா கீது!" என்று அலறினான்.

கம்பி கீழே விழுந்த சத்தம் கேட்பதற்குள் லோகநாதன் வெளியே இருந்தான். திரும்பிப் பார்த்தபோது நானும் ஷெட்டுக்கு வெளியே, கிரேன் பாதைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். மீட்டர் எங்கேயோ விழுந்திருந்தது. பன்னிரண்டு மீட்டரில் எனக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லை. கால் தானாக வந்திருக்கிறது. அதைப் பதற்றம் என்று சொல்ல முடியாது, பழக்கம்தான்.

நேரம் ஒன்று இருபத்தாறு. நான்கு நிமிடம். என் வாக்குமூலத்தில் "சில வினாடிகள்" என்று கொடுத்தேன், நீங்களும் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். சில வினாடிக்கு இவ்வளவு காயமா என்று டாக்டர்கள் குழம்பியது இதனால்தான். நோட்டுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நீண்ட இடுக்கியால் கம்பியை எடுத்து ஈயப் பானைக்குள் போட்டு மூடினேன், அறுபது நொடியில். நீலமேகம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று லோகநாதன் கையில் ஒன்றுமே இல்லை. அதனால் அன்றைக்கும் மறுநாளும் கிளப்பில் போய் ஆடிப் பழகினான் என்று கேள்விப்பட்டேன். எட்டாம் நாள் விரல்கள் சிவந்தன. பன்னிரண்டாம் நாள் கொப்புளம். தேர்வு நாளில் அவன் பம்பாய் ஆஸ்பத்திரியில் இருந்தான். செப்டம்பரில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் போயின. நவம்பரில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். என் கணக்கில் கொஞ்சம் பிசகு.

நடுவில் அன்புக்கரசி என் அறைக்கு வந்தாள். பக்கத்து வீட்டார் அவள் வீட்டு வாசலை மிதிக்கப் பயப்படுகிறார்களாம். புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். "சார், உண்மய சொல்லுங்க. அந்த கையால பாப்பாவ தூக்கிக்கினா பாப்பாவுக்கு எதுனா ஆவுமா? அது அழுது, இவுரு தூக்க மாட்டேன்றாரு. மூஞ்ச திருப்பிக்கினு அழுவறாரு சார்." மூடிய உறையில் இருந்த பொருள் என்பதால் அவன்மேல் எதுவும் ஒட்டியிருக்காது, அவனிடமிருந்து யாருக்கும் எதுவும் பரவாது, தாராளமாகக் குழந்தையைத் தூக்கலாம் என்று பொறுமையாக விளக்கினேன். நாற்காலிகூடப் போட்டேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்த வட்டாரத்தில் அவளுக்குச் சரியான பதில் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான்.

தள்ளிப்போன வகுப்பு ஆகஸ்டில் நடந்தது. நான் மட்டும் பேசினேன். பன்னிரண்டு தொழிற்சாலைகளின் குழுக்கள், எழுபது பேர். இந்த முறை மாதிரிக் கம்பியை எடுத்துக் காட்டினேன், ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். வாங்கத் தயங்கினார்கள். லோகநாதன் கையின் புகைப்படத்தைக் காட்டி நேரம், தூரம், தடுப்பு என்று விளக்கினேன். மூலம் என்றேன், யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் ஒரு வயதானவர் மட்டும், "சார், பேய்னு ஒரு கொரல் வுட்டா போதும்னாங்களே, அது இன்னா சார்?" என்று கேட்டார். அது பாடத்திட்டத்தில் இல்லை என்றேன்.

இதையெல்லாம் நான் சொல்லாமலே இருந்திருப்பேன். அறிக்கை என்மேல் பெரிதாகக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் பதற்றம் என்ற சொல் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னிணைப்பைப் புரட்டினேன். லோகநாதனின் வாக்குமூலத்தில் இருக்கிறது. இடது கை ரேகை வைத்திருக்கிறான். "சாரு சூடுன்னு சொன்னாரு, நான்தான் தப்பா பூர்ஞ்சிகினேன். அவுரு மேல தப்பு இல்ல. என் கைல பாத்ததும் அவுருக்கு பேச்சே வரல. இரு இருன்னாரு. அவுரும் மனுசன்தானே, பயந்துட்டாரு, பாவம்."

பாவம் என்றிருக்கிறான். கையில்லாமல் உட்கார்ந்துகொண்டு என்னைப் பாவம் என்கிறான். அவன் முட்டாள் இல்லை, அம்மா. நான்கு நிமிடம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றவன். பயந்த முகம் எது, கணக்குப் போடுகிற முகம் எது என்று கேரம் ஆடுகிறவனுக்குத் தெரியாதா? எல்லாம் தெரிந்துதான் ஃபாலோ காயை மறுபடியும் வெளியே அடித்திருக்கிறான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும், அதுதானே?

ஒருமுறை போதும். இந்த ஆட்டத்தை அவன் எனக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஆகவே பதினான்காம் பத்தியில் "பதற்றத்தில்" என்பதை அடித்துவிட்டு, "தெரிந்தே" என்று போடவும். ஒரு சொல்தான்.